லாரியின் முதுகில் ஜோதியின் நம்பர்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு முதல் போன் வந்தது. ஜோதி அப்போது பலகைமேல் நின்றுகொண்டு ஒரு புது லாரியின் நெற்றியில் பெயர் எழுதிக்கொண்டிருந்தாள். வலது கையில் பிரஷ், இடது கையில் மஞ்சள் பெயிண்ட் டப்பா. போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டாள்.

"யாரு, ஜோதியா?" என்றது ஓர் ஆண் குரல்.

"ஆமாங்க, ஜோதிதானுங்க. எத்தனை வண்டிங்க?"

"ஒரு வண்டிதான்."

"ஆறு சக்கரமுங்களா, பத்து சக்கரமுங்களா?"

"பத்து சக்கரம். ஏம்மா, உனக்கே தெரியாதா?"

"நேர்ல பாக்காம எப்படிங்க தெரியும்? வண்டியக் கொண்டாந்து உடுங்க. மூணே நாள்ல முடிச்சுத் தாரேன்."

அந்தப் பக்கம் குரல் உயர்ந்தது. "நாங்க எதுக்கும்மா கொண்டாரணும்? நீதான் கொண்டாந்து உடணும். ஆறு மாசமா டியூ கட்டல. உன்ற புருசன் கலையரசன் எங்க ஒளிஞ்சிருக்கான்?"

ஜோதியின் புருஷன் பெயர் மணிமாறன். அந்த நேரத்தில் அவன் எருமப்பட்டிப் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் தீவனம் போட்டுக்கொண்டிருந்தான். சொந்தக்காரர்களிடம் கைமாற்று வாங்கக்கூடக் கூச்சப்படுகிற ஆள், லாரிக் கடன் வாங்கிவிட்டு ஒளியப்போகிறானாம்! ஜோதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நம்பர் தப்புங்க" என்று வைத்துவிட்டாள். உடனே மறுபடியும் அடித்தது. வைத்தாள். மறுபடியும் அடித்தது. சாயங்காலம் அவள் எண்ணிப் பார்த்தபோது ஒரே நம்பரிலிருந்து முப்பத்தெட்டு முறை அழைப்பு வந்திருந்தது. சிரிப்பெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

இந்த ஜோதி யார் என்று கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அவள் பட்ட பாட்டின் அருமை தெரியாது. நாமக்கல்லுக்கு வெளியே பைபாஸ் ஓரத்தில் ஜீவானந்தத்தின் பட்டறை இருக்கிறது. கம்பெனியிலிருந்து வெறும் சேஸியாக வருகிற லாரிக்கு அங்கேதான் கேபினும் பாடியும் கட்டுவார்கள். பதினாலு வருஷத்துக்கு முன் ஜோதி அங்கே பட்டி தேய்க்கிற வேலைக்குச் சேர்ந்தாள். பெயிண்ட் அடிப்பதற்கு முன் தகரத்தில் மாவு மாதிரி ஒன்றைப் பூசி, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். தேய்த்துத் தேய்த்து விரல் ரேகையே போய்விடும். பொம்பளை என்றால் பட்டி தேய்ப்பதோடு சரி, பிரஷ்ஷைத் தொடக்கூடாது. அப்படிச் சட்டம் போட்டது யார் என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

அவள் சும்மா இருந்தாளா? மதியச் சோற்று நேரத்தில் பழைய தகரத்தின் பின்பக்கம் எழுதிப் பழகினாள். வீட்டுத் தண்ணீர்த்தொட்டியில் எழுதினாள், மாமியார் திட்டியதும் அழித்துவிட்டுத் திரும்ப எழுதினாள். ஏழு வருஷம் இப்படியே ஓடியது. ஒருநாள் எழுத்து எழுதுகிற ஆள் பாதி வண்டியில் முதலாளியோடு சண்டை போட்டுக்கொண்டு போய்விட்டான். வண்டிக்காரர் மாலையும் தேங்காயுமாக வந்து நிற்கிறார், நல்ல நேரம் முடிய ஒன்றரை மணி நேரம்தான் பாக்கி. ஜோதி யாரையும் கேட்கவில்லை. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பலகைமேல் ஏறிவிட்டாள். எழுதி முடித்ததும் வண்டிக்காரர் லாரியை மூன்று முறை சுற்றிவந்து, "இந்தம்மாவே அடுத்த வண்டிக்கும் எழுதட்டும்" என்றார். அன்றிலிருந்து அந்தப் பட்டறையில் எழுத்து என்றால் ஜோதிதான். அவள் போடுகிற 'ழ'வின் வால் கீழே இறங்கி, அணில் வால் மாதிரி மேலே சுருண்டு நிற்கும். பத்தடி தள்ளி நின்றாலும் தெரியும்.

அவளிடம் ஒரு பழக்கம் இருந்தது. அதுதான் இத்தனை வினைக்கும் காரணம். எங்கள் பக்கத்து லாரிக்காரர்கள் புது வண்டிக்குப் புது செல் நம்பர்தான் எழுதுவார்கள். கூட்டினால் ஆறு வர வேண்டும், எட்டு வரக்கூடாது என்று ஜோசியரிடம் கேட்டு, கடை கடையாக அலைந்து சிம் வாங்குவார்கள். வண்டி தயாராகிவிடும், நம்பர் வந்து சேராது. பின்பக்கத்தில் பத்து எண்ணுக்கு இடம் விட்டு வைத்தால் பிறகு அளவு கோணிவிடும். அதனால் ஜோதி இடம் பிடிப்பதற்குத் தன் நம்பரையே எழுதிவைப்பாள். உண்மையான நம்பர் வந்ததும் மேலே பூசிவிட்டு மாற்றுவாள். இடையில் யாராவது பார்த்துவிட்டுக் கூப்பிட்டால் அவளுக்கு ஒரு வேலை கிடைக்கும். கெட்டிக்காரத்தனம் என்று அவளுக்குள் ஒரு பெருமையும் உண்டு.

புதன்கிழமை விடிந்ததும் அந்தப் பெருமை வாசலில் வந்து நின்று கத்தியது. எருமப்பட்டியில் அவள் வீட்டின் முன்னால் ஒரு பைக், அதன்மேல் இரண்டு பேர். கத்தியவன் பெயர் குணசீலன், ஃபைனான்ஸ் கம்பெனிக்கு வசூல் செய்கிறவன், முந்தின நாள் போனில் அடித்துக்கொண்டே இருந்ததும் அவன்தான். இன்னொருவன் பேசவே இல்லை, உடம்பைக் காட்டுவதற்கென்று வந்தவன்.

"பத்து சக்கர வண்டிய வாங்கி ஓட்டிப்போட்டு ஊட்டுக்குள்ள சோறு பொங்கிட்டு இருக்கறயா?" என்றான் குணசீலன். தெருவே எழுந்து வந்துவிட்டது. எதிர்வீட்டு ஆராயி, "ஏனுங்க ஜோதி, லாரியெல்லாம் வாங்கியிருக்கறீங்க, ஒரு வார்த்தை சொல்லவேயில்லையே!" என்றாள். நிஜமாகவே வருத்தம் அவளுக்கு.

"எந்த லாரியவும் நான் வாங்கல! எழுதறதுதான் என்ற வேலை!" என்று ஜோதி கத்தினாள்.

குணசீலன் தன் போனை நீட்டினான். ஒரு பச்சை லாரியின் முதுகு, போட்டோவாக. அதில் அணில்வால் 'ழ' வைத்த எழுத்தில் 'வாழ்க வளமுடன்', அதன் கீழே அவளுடைய பத்து எண்கள். அட கெரகமே! இரண்டு வருஷத்துக்கு முன் திருச்செங்கோட்டுக் கலையரசனுக்கு எழுதிக் கொடுத்த வண்டி அது. அவர் நம்பர் கொண்டுவருவதற்கு முந்தின சாயங்காலம் ஃபைனான்ஸ்காரர்கள் வந்து ஃபைலுக்காகப் போட்டோ எடுத்துப் போனது இப்போதுதான் ஞாபகம் வந்தது. கலையரசன் தன் போனை அணைத்துவிட்டு மறைந்ததும், ஆபீஸில் எவனோ போட்டோவைப் பார்த்து இந்த நம்பரை எழுதிக்கொண்டிருக்கிறான். பணம் அனுப்புகிற ஆப்பில் நம்பரைப் போட்டால் 'ஜோதி' என்று வந்திருக்கும். பொம்பளை பெயர், ஆகவே பெண்டாட்டி. அந்த நம்பரை வைத்தே வீட்டையும் விசாரித்துப் பிடித்துவிட்டார்கள். முடிந்தது கதை.

ஜோதி மூச்சு வாங்காமல் எல்லாவற்றையும் விளக்கினாள். இடம் பிடிக்கிற கதை, சிம் கதை, போட்டோ கதை. தன் போனைத் திறந்து அதே வண்டிக்கு மறுநாள் கலையரசன் நம்பர் எழுதியபின் எடுத்த படத்தையும் காட்டினாள். குணசீலன் தலையைச் சாய்த்துக் கேட்டான். கேட்டுவிட்டு என்ன சொன்னான் தெரியுமா?

"ஓ, பெயிண்டரா? அப்போ வண்டிக்குக் கலர் மாத்தி ஒளிச்சு வச்சிருக்கறதும் நீதான்!"

பாவி! உண்மையைச் சொல்லப் போய் இன்னொரு பழியையும் சேர்த்து வாங்கிக்கொண்டாள். அவன் போகும்போது, "நாளைக்குப் பட்டறைக்கு வாரோம்" என்றான்.

சொன்னபடி வியாழக்கிழமை வந்தான். பட்டறை நடுவில் நின்று கத்தினான். ஜீவானந்தம் நல்ல மனிதர்தான், ஆனால் பயந்தவர். அவர் பட்டறைக்கு வருகிற வண்டியில் பாதி அந்த ஃபைனான்ஸ் கடனில் வருவது. அவர் ஜோதியைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அம்மிணி, உன்றமேல தப்பில்லைன்னு எனக்குத் தெரியும். ஆனா அவங்க பில்லு பாஸ் பண்ணலீன்னா என்ற பட்டறைய மூடணும். சனிக்கெழமைக்குள்ள முடிச்சுப்போட்டு வா. முடியலீன்னா இந்தப் பக்கம் வராத."

ஜோதி அங்கிருந்து நேராக ஃபைனான்ஸ் ஆபீஸுக்கு மொபெட்டை விரட்டினாள். கவுண்டரில் இருந்த பெண் மரியாதையாகத்தான் பேசினாள், அதுதான் இன்னும் எரிச்சல். "நம்பரை எடுக்கறதுன்னா கடன் வாங்கினவர் நேர்ல வந்து கையெழுத்துப் போடணுங்க."

"அவரைத்தானுங்க நீங்களே தேடறீங்க?"

"ஆமாங்க."

"அவரு கெடைச்சா என்னைய எதுக்குங்க நீங்க தேடப் போறீங்க?"

"ரூல்ஸ் அப்படிங்க" என்றாள் அந்தப் பெண்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது மணிமாறன், "வெசனப்படாத. வேற பட்டறை பாத்துக்கலாம்" என்றான். அவ்வளவுதான், ஜோதி தட்டைத் தள்ளிவிட்டாள். "வேற பட்டறையில என்ன குடுப்பாங்க? உப்புத்தாளுதான் குடுப்பாங்க! மறுபடியும் தேய்ச்சுட்டு உக்காரச் சொல்றீங்களா? ஏழு வருசம் காத்துக்கிடந்து ஏறுன பலகைங்க அது!" சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. மணிமாறன் தட்டை மறுபடியும் அவள் பக்கம் நகர்த்தி வைத்தான். அவள் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜீவானந்தம் கடைசியாக ஒரு வேலை கொடுத்தார். மணியன் என்பவரின் புது லாரி, சிவப்பு நிறம், சனிக்கிழமை காலை எடைமேடைக்குப் போக வேண்டும். பின்பக்க எழுத்து பாக்கி. மணியனுக்கு நல்ல நம்பர் ஞாயிற்றுக்கிழமைதான் கிடைக்குமாம். "இத முடிச்சுக் குடுத்துப்போட்டுப் போ" என்றார் அவர், முகத்தைப் பார்க்காமல்.

ஜோதி ஏறினாள். ஆசையோடு எழுதினாள், கடைசி வண்டியாகவே இருந்துவிடுமோ என்ற பயத்தோடும் எழுதினாள். நம்பர் இடத்துக்கு வந்ததும் பழக்க தோஷத்தில் கை தானாகப் போனது. சட்டென்று நிறுத்திக்கொண்டாள். மறுபடியும் தன் நம்பரா? இன்னொரு கலையரசனுக்கா? செருப்பால் அடித்தாலும் எழுத மாட்டாள். ஆனால் இடம் பிடித்தாக வேண்டுமே. வேறு நம்பர் என்ன தெரியும்? புருஷன் நம்பர் போனில்தான் இருக்கிறது, மனதில் இல்லை. மனதில் பத்து எண்ணும் வரிசையாக, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்கிற மாதிரி நிற்பது ஒரே ஒரு நம்பர்தான். நான்கு நாளாகத் தினம் நாற்பது முறை அடித்த குணசீலனின் நம்பர்.

எழுதிவிட்டாள். முதல் எண்ணை எழுதும்போது பயமாக இருந்தது. ஐந்தாவது எண் வரும்போது பயம் போய்விட்டது. பத்தாவது எண்ணுக்கு ஒரு அழகான சுழியும் போட்டாள்.

சனிக்கிழமை காலை பட்டறை டிரைவர் சிவப்பு லாரியை எடைமேடைக்கு ஓட்டிப்போய், ஒன்பதரை மணிக்குக் கொண்டுவந்து நிறுத்தினான். ஒன்றும் நடக்காத மாதிரி இறங்கி டீ குடிக்கப் போனான். ஜோதி தன் பிரஷ்களையெல்லாம் மண்ணெண்ணெயில் கழுவித் துணியில் சுற்றிக்கொண்டிருந்தாள். பதினொரு மணிக்கு ஒரு முட்டை வேன் ஹாரனை அமுக்கிக்கொண்டே பட்டறைக்குள் நுழைந்தது. முன் சீட்டிலிருந்து இறங்கியது வள்ளியாத்தாள். மொத்த வியாபாரி, அறுபது வயது, மூக்குத்தி, கையில் ஒரு பைக் சாவி. வேனின் பின்கதவைத் திறந்தார்கள். முட்டை அட்டைகளுக்கு நடுவே, மடியில் ஒரு அட்டையை அணைத்துப் பிடித்தபடி, சட்டையெல்லாம் மஞ்சள் கருவாகக் குணசீலன் உட்கார்ந்திருந்தான்!

நடந்தது இதுதான். எடைமேடை வாசலில் பட்டறை டிரைவர் லாரியைப் பின்னால் எடுக்கும்போது முட்டை வேன்மேல் இடித்துவிட்டான். பன்னிரண்டு அட்டை முட்டை போய்விட்டது. அவன் நிறுத்தாமல் ஓட்டி வந்துவிட்டான். வள்ளியாத்தாள் லாரியின் முதுகில் இருந்த நம்பருக்குக் கூப்பிட்டாள். குணசீலன் வழக்கமான திமிரோடு, "எனக்கு லாரியே கெடையாது, என்ன பண்ணுவயோ பண்ணு. பஸ் ஸ்டாண்டு டீக்கடையிலதான் இருக்கறேன்" என்று இடத்தையும் சொல்லியிருக்கிறான். அவள் வந்துவிட்டாள், இரண்டு சுமைக்காரர்களோடு. வந்ததும் அவனுடைய பைக் சாவியை உருவிக்கொண்டாள். முட்டைக்குப் பணம் வருகிற வரைக்கும் வண்டி அவளிடம் இருக்குமாம். லாரியின் போட்டோவைக் காட்டியபோது குணசீலன் அந்த அணில்வால் எழுத்தைப் பார்த்தான். நான்கு நாளாக அதே எழுத்தைப் போனில் வைத்துக்கொண்டு திரிகிறவன் அல்லவா? யார் எழுதியது என்று அவனுக்கு உடனே தெரிந்துவிட்டது, பட்டறைக்கு வழியும் அவனே காட்டினான்.

"இவதானுங்க! இவதான் எழுதினது!" என்று அவன் வேனிலிருந்து குதித்தான்.

"யாரு எழுதினா எனக்கென்னப்பா?" என்றாள் வள்ளியாத்தாள். "நம்பரு உன்றதுதானே?"

"நம்பரு என்றதுதானுங்க!"

"அப்போ வண்டியும் உன்றதுதான். எடு பணத்த."

"ஏனுங்க, இது அக்கிரமமா இருக்குது! வண்டிக்கும் எனக்கும் சம்பந்தமே இல்லீங்க. எவளோ இடம் பிடிக்க என்ற நம்பர எழுதிப்போட்டா அதுக்கு நான் பொறுப்பா? நம்பர் இருந்தா அந்த ஆளு ஓனர் ஆயிருவானா? ஒரு மனுசன் சொன்னாக் காது குடுத்துக் கேக்க மாட்டீங்களா?"

பட்டறையில் சுத்தியல் சத்தம் நின்றுவிட்டது. வெல்டிங் பொறி நின்றுவிட்டது. ஜீவானந்தம் ஆபீஸ் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். எல்லோரும் குணசீலனைப் பார்த்தார்கள். அவன் என்ன சொன்னான் என்று அவனுக்கே அப்போதுதான் காதில் விழுந்தது போலிருந்தது.

ஜோதி பிரஷ் சுற்றிய துணியைக் கீழே வைத்தாள். "இன்னொருக்காச் சொல்லுங்க" என்றாள். "நாலு நாளா நான் சொன்னத நீங்க சொல்லிக் கேக்கறதுக்கு நல்லா இருக்குது."

வள்ளியாத்தாளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஜோதி முதலிலிருந்து சொன்னாள். பச்சை லாரி, போட்டோ, முப்பத்தெட்டு போன், வாசலில் கூச்சல், சனிக்கிழமைக் கெடு, எல்லாம் சொன்னாள். "உங்க முட்டை ஒடைஞ்சதுல என்ற தப்பும் இருக்குதுங்கம்மா. ஆத்திரத்துல எழுதிப்போட்டேன்" என்றும் சொன்னாள். வள்ளியாத்தாள் கேட்கக் கேட்க வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் குணசீலன் பக்கம் திரும்பினாள்.

"இந்தப் புள்ளயோட நம்பர எடுத்துப்போட்டுச் சாவிய வாங்கிக்க."

"அது முடியாதுங்க. கடன் வாங்கினவரு வந்து கையெழுத்துப் போடணுங்க."

"அப்படியா? அப்போ என்ற முட்டைய ஒடச்சவன் வந்து கையெழுத்துப் போடட்டும், நானும் சாவியத் தாரேன்" என்று சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

முட்டையை உடைத்த டிரைவர் டீ கிளாஸோடு லாரிக்குப் பின்னால் ஒளிந்துகொண்டான். அதை ஒருவரும் கவனிக்கவில்லை. எல்லோருடைய கண்ணும் குணசீலன்மேல் இருந்தது. அவன் போனை எடுத்து மேனேஜரைக் கூப்பிட்டான். "சார், அந்தம்மா பெயிண்டருங்க சார். ஓனர் இல்லீங்க... இல்லீங்க சார், இடம் பிடிக்க எழுதறதுங்க... நானே நேர்ல பாத்தேனுங்க சார். எனக்கே நடந்துபோச்சுங்க!" கால் மணி நேரம் வாதாடினான். சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே வாதாடினான். அவன் விட்ட இடமெல்லாம் ஜோதி எடுத்துக் கொடுத்தாள். கடைசியில் அவள் போனுக்கு ஒரு செய்தி வந்தது. கடன் கணக்கிலிருந்து அவள் நம்பர் நீக்கப்பட்டுவிட்டது என்று கம்பெனி பெயரோடு வந்த செய்தி. ஜோதி அதை மூன்று தரம் படித்தாள். பிறகு ஜீவானந்தத்தின் முகத்துக்கு நேராக நீட்டினாள்.

அவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "முட்டைப் பணம் பட்டறை குடுத்துரும்" என்று வள்ளியாத்தாளிடம் சொன்னார். பிறகு கீழே கிடந்த ஜோதியின் பிரஷ் மூட்டையை எடுத்துக்கொண்டுபோய்ப் பலகைமேல் வைத்தார்.

ஜோதி பலகைமேல் ஏறிக்கொண்டே, "பெயிண்ட் தீந்துபோச்சுங்க, மஞ்சள் ரெண்டு டப்பா வாங்கியாரச் சொல்லுங்க" என்று சத்தம் போட்டாள்.

சாவி கிடைத்த குணசீலன் உடனே போகவில்லை. சட்டையில் காய்ந்துபோன மஞ்சள் கருவைச் சுரண்டிக்கொண்டு நின்றான். பலகைமேல் நின்று அவனுடைய நம்பர்மேல் சிவப்பு பூசிக்கொண்டிருந்த ஜோதி கீழே பார்த்தாள். "இன்னும் என்னங்க?"

"இல்லீங்க, என்ற லிஸ்ட்டுல இன்னும் ஒருத்தரு இருக்கறாருங்க. இளம்பிள்ளைக்காரரு, சேலை நெய்யறவரு. 'அது நான் இல்லீங்க'ன்னு ரெண்டு மாசமாச் சொல்லிட்டே இருக்கறாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

குணசீலன் போனை எடுத்து ஒரு நம்பரை அமுக்கிக் காதில் வைத்தான். நெடுநேரம் மணி அடித்தது. அந்தப் பக்கம் எடுத்தவர் பயத்தில் எடுத்ததுமே கத்தியிருக்க வேண்டும், இவன் போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டான். கத்தி ஓய்கிற வரை பொறுத்திருந்தான்.

"ஏனுங்க, வைக்காதீங்க" என்றான் பிறகு. "அன்னைக்கு என்னமோ சொன்னீங்களே, அத மொதல்ல இருந்து சொல்லுங்க. கேக்கறேன்."